வடசென்னையில் நல்ல எக்ஸ் பெனடிக்ட் எங்கே கிடைக்கும்?

வண்ணை_வாலிபன்:
எல்லோருக்கும் வணக்கம். இருப்பு பழைய வண்ணாரப்பேட்டை. ஆபீஸ் வேலையாக பெங்களூரு போனபோது ஓட்டலில் காலை பஃபேயில் எக்ஸ் பெனடிக்ட் போட்டார்கள். அன்றிலிருந்து நாக்கு அதையே கேட்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலீஷ் மஃபின் என்ற வட்ட ரொட்டியைக் குறுக்கே பிளந்து வாட்டி, மேலே ஒரு துண்டு ஹாம் வைப்பார்கள். அதன் மேல் ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு வேகவைத்த முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஹாலண்டேஸ் சாஸ், அதாவது மஞ்சள் கருவும் வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து சூட்டில் அடித்தது. கத்தியை வைத்ததும் மஞ்சள் கரு உடைந்து, சாஸோடு கலந்து, ரொட்டிக்குள் இறங்க வேண்டும். அதற்குத்தான் காசு.

"நுங்கம்பாக்கம் போ, ஆழ்வார்பேட்டை போ" என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வழி எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் எதுவானாலும் சரி. பாரிமுனையைத் தாண்ட மாட்டேன்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
லுங்கியோடு எக்ஸ் பெனடிக்ட். உங்கள் லட்சியத்துக்கு ஒரு கும்பிடு.

கொளத்தூர்_அக்கா:
தம்பி, எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கஃபே வந்துவிட்டது. அதில் ஒன்றில் மெனுவில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு பெண்ணோடு போனேன். கடைப் பெயர் வேண்டாம், பாவம் சின்னப் பசங்க நடத்துகிறார்கள். 280 ரூபாய். வந்தது என்ன தெரியுமா? பால் பிரெட் இரண்டு துண்டு. அதன் மேல் நன்றாக வேகவைத்து இரண்டாக நறுக்கிய முட்டை. அதன் மேல் மயோனைஸில் மஞ்சள் தூளைக் கலந்து ஊற்றியிருந்தார்கள். மஞ்சள் வாசனை மூக்கைத் துளைத்தது. "தம்பி, முட்டை உள்ளே வழியணுமே" என்றால், "மேடம், இது எங்க ஸ்டைல்" என்கிறான். பெண் சாப்பிட்டாள். நான் காபி குடித்துவிட்டு வந்தேன். காபி நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

வியாசை_வாசி:
மயோனைஸா? பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்ததே? நீங்கள் சாப்பிட்டது முட்டை இல்லாத மயோனைஸாக இருக்கும். சரி, எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஹாலண்டேஸும் மஞ்சள் கருவில் செய்வதுதானே? அதற்கும் தடை உண்டா? அந்தப் பயத்தில்தான் கடைக்காரர்கள் போடுவதில்லையோ?

கப்பல்_சமையல்:
ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். சரக்குக் கப்பல்களில் சீஃப் குக்காக வேலை பார்த்தவன், இப்போது கரையில் இருக்கிறேன். இந்த சாஸை நிறைய அடித்திருக்கிறேன். ஐரோப்பிய கேப்டன்கள் ஞாயிற்றுக்கிழமை வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

வியாசை சார் கேட்டதற்கு: அந்த ஆணை பச்சை முட்டை மயோனைஸைப் பற்றியது. மயோனைஸில் அடுப்பே கிடையாது. ஹாலண்டேஸில் கருவைச் சூட்டில் வைத்துத்தான் அடிக்கிறோம். ஆனால் முழுதாக வேகவைப்பதில்லை. அதனால் சால்மோனெல்லா கிருமி பயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் தள்ளி இருப்பதே நல்லது. வழியும் ஆஃபாயிலுக்கும் இதே கணக்குதான்.

கடைக்காரர் போடாததற்குக் காரணம் வேறு. இந்த சாஸை முந்தின நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்க முடியாது. சுட வைத்தால் வெண்ணெய் தனியாக, முட்டை தனியாகத் திரிந்து போகும். காலையில் அடித்ததை 50, 60 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் கரு வெந்து கட்டி தட்டும், இறங்கினால் வெண்ணெய் உறையும், கிருமிக்கும் கொண்டாட்டம். இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். நட்சத்திர ஓட்டலில் இதற்கென்று ஒரு ஆள் நிற்பான். நம் பக்கம் காலை நேரத்தில் இட்லி, பூரி, பொங்கல் என்று கை ஓயாமல் தட்டு போய்க்கொண்டிருக்கும். அந்த நெருக்கடியில், ஒரு நாளைக்கு ஒருவர் கேட்கிறார் என்பதற்காக யார் மூன்று முட்டைக் கருவும் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சலான வெண்ணெயும் போட்டுக் காத்திருப்பார்?

ஆகையால் வடசென்னையில் மெனுவில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஆர்டர் கொடுத்ததும் உள்ளே கிண்ணத்தில் விஸ்க், அதாவது கம்பி மத்து, அடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் பாக்கெட் சாஸ்.

பெரம்பூர்_பாலம்:
கப்பல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் வெந்நீரில் வேகவைத்த முட்டை எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை. ரயில்வே பட்டறை 1856லேயே பெரம்பூருக்கு வந்துவிட்டது. அப்புறம் 1955இல் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை. ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த ஊர் இது. எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி டோஸ்ட் மேல் போச்டு எக் வைத்துத் தருவார். சாஸ் எல்லாம் கிடையாது. உப்பு வெண்ணெய், கொரகொரப்பாக இடித்த மிளகு, அவ்வளவுதான்.

அவர் முட்டையை நேராகத் தண்ணீரில் உடைக்க மாட்டார். முதலில் டீ வடிகட்டியில் உடைப்பார். நீர்த்த வெள்ளைக்கரு கொஞ்சம் கீழே சொட்டிவிடும். கெட்டியான வெள்ளையும் கருவும் மட்டும் வடிகட்டியில் நிற்கும். அதை அப்படியே வெந்நீருக்குள் சரிய விடுவார். ஒரு பிசிறு இருக்காது. பிள்ளைகள் கனடா, ஆஸ்திரேலியா என்று போய், அவரும் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது.

கப்பல்_சமையல்:
ஆன்ட்டிக்கு சல்யூட். சமையல் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதே வடிகட்டி வேலைதான். முட்டை பழசாக ஆக வெள்ளைக்கரு நீர்த்துக்கொண்டே வரும். நமக்கு முட்டை நாமக்கல்லில் இருந்து லாரியில் வருகிறது. கடையில் எத்தனை நாள் வெயிலில் அட்டையோடு அடுக்கிக் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பழசு, மிதந்தால் குப்பைக்கு. நிற்கும் முட்டையை ஆம்லெட் போடலாம், போச் செய்ய ஆகாது.

தங்கசாலை_தயிர்வடை:
சைவம் சாப்பிடுகிறவனுக்கு இந்த இழையில் இடம் உண்டா? எங்கள் மின்ட் தெரு முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறீர்களா? பிரெட்டுக்குப் பதில் தட்டை முறுக்கு இரண்டு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி.

வண்ணை_வாலிபன்:
இடம் உண்டு சகோ. ஆனால் அது சாயங்காலச் சமாச்சாரம். நான் காலை ஏழரைக்குப் பசியோடு இருக்கிறவன்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
இந்தப் பண்டத்துக்கு ஒரு கதை உண்டு, படித்தது ஞாபகம் இருக்கிறது. நியூயார்க்கில் லெமுவேல் பெனடிக்ட் என்று ஒரு பங்குத் தரகர். முந்தின ராத்திரி அடித்த சரக்கு தலையில் நிற்க, 1894இல் ஒரு காலை வால்டார்ஃப் ஓட்டலுக்குப் போய், வெண்ணெய் தடவிய டோஸ்ட், பேக்கன், போச்டு எக், ஒரு கோப்பை ஹாலண்டேஸ் என்று தனித்தனியாகக் கேட்டாராம். அங்கே மேற்பார்வை பார்த்த ஆஸ்கார் அதை ருசி பார்த்துவிட்டு, டோஸ்டுக்குப் பதில் மஃபின், பேக்கனுக்குப் பதில் ஹாம் என்று மாற்றி மெனுவில் ஏற்றிவிட்டார். 1942இல் நியூயார்க்கர் பத்திரிகையில் இதைச் சொன்னது பெனடிக்டேதான். ஆனால் அதே ஊரில் டெல்மோனிக்கோஸ் என்ற உணவகமும் "எங்கள் வாடிக்கையாளர் திருமதி பெனடிக்டுக்காக நாங்கள் முன்பே செய்தோம்" என்கிறது. அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்தவர் 1894இல் போட்ட சமையல் நூலில் கிட்டத்தட்ட இதே செய்முறை இருக்கிறது. சண்டை இன்னும் ஓயவில்லை.

எப்படிப் பார்த்தாலும் தலைவலிக்காரர் கேட்ட சாப்பாடு. நம் பக்கம் அந்த வேலையை பாயா செய்கிறது.

மண்ணடி_பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பாயா என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் உள்ளே வந்தேன்.

வண்ணை தம்பி, உங்களுக்கு வேண்டியதைப் பிரித்துப் பாருங்கள். அடியில் மெத்தென்று ஒன்று, நடுவில் வழியும் மஞ்சள் கரு, மேலே கொழுப்பும் புளிப்புமாக ஒரு குழம்பு. ஹாம் எங்களுக்கு ஆகாது, அதை விட்டுவிடுவோம். முட்டை ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் அதேதானே? ஓரம் முறுகல், நடு மெத்து, அதன் மேல் முட்டை. ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் கொதித்த கால். எலும்பில் இருந்து இறங்கிய பசை உதட்டில் ஒட்டும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் புளிப்பும் வந்துவிட்டது.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தள்ளுவண்டி அக்காவிடம் சாப்பிட்டிருக்கிறேன். அந்தம்மா போடுவதை நின்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டியில் மாவை ஊற்றி ஒரு சுழற்று. ஓரம் விரியும் வரை முட்டையைத் தொட மாட்டார். நடுவில் மாவு குமிழ் விட ஆரம்பித்ததும் முட்டையை உடைத்து ஊற்றி, மூடி போட்டுவிட்டு, அடுத்த சட்டிக்குப் போய்விடுவார். மூடியின் ஓரத்தில் ஆவி வந்ததும் சட்டென்று திறக்கிறார். வெள்ளை வெந்திருக்கும், கரு தளதளவென்று ஆடும். இன்னும் கொஞ்சம் விட்டால் கருவின் மேல் வெள்ளைப் படலம் கட்டிவிடும், அப்புறம் அது வேறு பண்டம். மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம்தான்.

வியாசை_வாசி:
எங்கள் பர்மா ஆட்களை விட்டுவிட்டீர்களே! 1962க்குப் பிறகு ரங்கூனில் இருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் முட்டை மசாலா சாப்பிட்டதில்லையா? வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த் தூளும் திணித்து, புளித் தண்ணீர் விடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

மொய்ங்காவும் இருக்கிறது. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே முட்டை. பர்மாவில் அதுதான் காலைச் சாப்பாடு. இங்கே செகண்ட் லைன் பீச் பக்கம் வண்டிகள் பெரும்பாலும் சாயங்காலம்தான் களை கட்டும்.

வண்ணை_வாலிபன்:
அத்தோ எனக்கு உயிர் அண்ணே. ஆனால் அந்த முட்டை கெட்டியாக வெந்தது. நான் தேடுவது வழியும் முட்டை.

பாய் சொன்ன ஆப்பத்தைப் போய்ச் சாப்பிட்டேன். அக்கா கை பற்றி அவர் எழுதியது ஒரு சொல் கூட மிகையில்லை. ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பாயா வந்ததும் முட்டை பின்னால் போய்விடுகிறது. கிராம்பு, மிளகு, சோம்பு எல்லாம் சேர்ந்து கருவின் ருசியை அமுக்கிவிடுகிறது. ஹாலண்டேஸ் முட்டையால் முட்டைக்கே மெருகேற்றுகிறது. அங்கேதான் வித்தியாசம்.

மண்ணடி_பாய்:
மசாலாவையே குற்றம் சொல்லும் காலம் வந்துவிட்டது. சரி, நடக்கட்டும்.

கொளத்தூர்_அக்கா:
வண்ணை தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது பாய். பாயாவுக்கு வெறும் ஆப்பமே போதும், முட்டை தண்டம்.

கப்பல் சார், வீட்டில் செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். நம் கடைச் சாமான்களை வைத்துச் சொல்லுங்கள். பெண் உயிரை எடுக்கிறாள்.

கப்பல்_சமையல்:
எழுதுகிறேன் அக்கா.

மூன்று மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், 175 கிராம் உப்பில்லாத வெண்ணெய். ஆவின் சமையல் வெண்ணெயே போதும். அரை மூடி எலுமிச்சை, உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள்.

பாத்திரத்தில் ரெண்டு விரல் தண்ணீர் வைத்துக் கொதிக்க விட்டுத் தீயைச் சின்னதாக்குங்கள். அதன் மேல் ஸ்டீல் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். கருவையும் தண்ணீரையும் அதில் விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். கையை நிறுத்தினால் அடியில் பொடிமாஸ் ஆகிவிடும். நிறம் வெளிறி, நுரை அடங்கி, விஸ்க் போகும் தடத்தில் கிண்ணத்தின் அடி ஒரு நொடி தெரிந்தால் போதும், இறக்கிவிடுங்கள். இதுதான் உயிரான இடம். இங்கே அவசரப்பட்டு இறக்கினால் சாஸ் கடைசி வரை தண்ணியாகவே நிற்கும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் கரு வெந்துவிடும். 70 டிகிரி பக்கம் போகவே கூடாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கவில்லை என்றால் சூடு மிஞ்சிவிட்டது.

அப்புறம் உருக்கிய வெண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சாஸ் பிடித்துக்கொண்டதும் நூலாக விடலாம். கடைசியில் எலுமிச்சை, உப்பு. திரிந்துபோனால் கொட்டாதீர்கள். வேறு கிண்ணத்தில் ஒரு கரண்டி வெந்நீர் எடுத்து, திரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு அடித்தால் பெரும்பாலும் கூடி வரும்.

நெய் போடலாமா என்று யாராவது கேட்பீர்கள். கூடி வரும், ஆனால் நெய் வாசனைதான் முன்னால் நிற்கும். நெய் காய்ச்சும்போது பால் சத்து சிவந்துவிடுகிறது, அந்த மணம் அது. பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம். அடியில் குமிழ் எழும்பினால் போதும். ஒரு கரண்டி வினிகர், வடிகட்டி வித்தை, மூன்று நிமிடம். ரொட்டிக்கு டீக்கடை பன் வேண்டாம், அதில் இனிப்பு. பேக்கரியில் உப்பு பன் கிடைத்தால் பிளந்து, உள்பக்கத்தைத் தோசைக்கல்லில் வெண்ணெயோடு முறுகலாக வாட்டுங்கள். முறுகவில்லை என்றால் சாஸ் இறங்கிக் களியாகிவிடும்.

பெரம்பூர்_பாலம்:
ஹாமுக்குப் பதில் என்ன போடலாம்?

மண்ணடி_பாய்:
கைமா. வெங்காயம் கம்மியாக, மிளகு மட்டும் போட்டு வறட்டிய மட்டன் கைமா. மசாலா இல்லாமல்தான் சொல்கிறேன், வண்ணை தம்பி கவனிக்கவும்.

கொளத்தூர்_அக்கா:
செய்தேன். முதல் ஈடு திரிந்தது, வெந்நீர் வித்தையில் கூடி வந்தது. பெண் தட்டை வழித்துவிட்டாள். பாய் சொன்ன கைமாவும் வைத்தேன், நன்றாகவே சேர்ந்தது. ஆனால் ஒன்று, ஒருத்தி நின்று முட்டையும் பார்த்து, ரொட்டியும் பார்த்து, சாஸையும் சூட்டில் வைத்திருப்பது பெரிய பாடு. வீட்டில் நாலு பேருக்குக் கொடுத்து முடித்து நான் உட்காரும்போது சாஸ் உறைந்துவிட்டது.

கப்பல்_சமையல்:
அதற்கும் வழி இருக்கிறது அக்கா. டீ ஃபிளாஸ்க் எடுத்து, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, சாஸை அதில் விட்டு மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். கப்பலில் நான் செய்ததும் அதுதான். வாய் அகலமான ஃபிளாஸ்க்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் கழுவ முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வண்ணை_வாலிபன்:
ஃபிளாஸ்க் என்று படித்ததும் எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

ஞாயிறு காலை சாஸை அடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு தண்டையார்பேட்டை அக்கா வண்டிக்கே போய்விட்டேன். ஆமாம், லுங்கியோடுதான். இரண்டு முட்டை ஆப்பம், பாயா வேண்டாம் என்றேன். அக்கா ஏற இறங்கப் பார்த்தார். தட்டு கைக்கு வந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினேன். பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோ அண்ணன், "இன்னா தம்பி, கஸ்டர்டா?" என்றார். அவர் ஆப்பத்திலும் ஒரு கரண்டி விட்டேன். சாப்பிட்டுவிட்டு, "சோக்காதான் கீது, ஆனா காரம் இல்லையே" என்று பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டார்.

அக்காவும் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "முட்டை மேல முட்டையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆப்பத்துக்குப் போய்விட்டார். அதற்கு மேல் கருத்து எதுவும் கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு: மஃபினை விட ஆப்பம் மேல். குழிவாக இருப்பதால் சாஸ் வெளியே ஓடவில்லை, கருவோடு சேர்ந்து நடுவிலேயே தங்கிவிட்டது. முறுகின ஓரத்தைப் பிய்த்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டேன். பெங்களூரில் கத்தியும் முள்கரண்டியும் கொடுத்தார்கள், இதற்குக் கைதான் சரி. ஒரே குறை, கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருந்தது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
அப்படியென்றால் இது எக்ஸ் பெனடிக்ட் இல்லை. மஃபின் இல்லை, ஹாம் இல்லை, போச்டு எக் இல்லை. சாஸ் ஒன்றுதான் மிச்சம். இழையின் தலைப்பை மாற்றுங்கள்.

வண்ணை_வாலிபன்:
உங்கள் கதையில் வந்த ஆஸ்கார் மட்டும் ரொட்டியையும் கறியையும் மாற்றலாமா?

மண்ணடி_பாய்:
அக்காவுக்குக் காசு கொடுத்தீர்களா, இல்லை சாஸ் கொடுத்ததைக் கழித்துக்கொண்டீர்களா?

வண்ணை_வாலிபன்:
முழுக் காசு கொடுத்தேன் பாய். பார்சலில் பாயாவும் வாங்கினேன், வீட்டில் கேட்டார்கள்.

கப்பல்_சமையல்:
புளிப்புக்குக் காரணம் ஆப்ப மாவு. ராத்திரி புளித்த மாவில் ஏற்கெனவே புளிப்பு இருக்கிறது, நீங்கள் மஃபின் கணக்குக்கு எலுமிச்சை பிழிந்திருக்கிறீர்கள். அடுத்த முறை கால் மூடி போதும், அதையும் கடைசியில் ருசி பார்த்துப் பிழியுங்கள். ஆட்டோ அண்ணனுக்காக மிளகாய்த் தூளைக் கொஞ்சம் கூட்டலாம். அந்த ஞாயிறு நானும் வருகிறேன், ஏழு மணிக்கே வாருங்கள், எட்டரைக்கு மேல் அக்காவிடம் மாவு இருக்காது.